பிறந்தகம்

பள்ளிக்கூட உபாத்தியாயரைக் கண்டால் மற்ற உத்தியோகஸ்தர்களுக்கு வருஷத்தில் பதினோரு மாதம் இரக்கம் உண்டாகும். கோடை வந்தால் மட்டும் பொறாமை உண்டாகும். "உங்களுக்கென்ன ஸார், முழுதாய் ஒரு மாதம் லீவு!" என்பார்கள். சென்ற கோடையில் எனக்கு வாய்த்த விடுமுறை எத்தகையது என்று தெரிந்தால், அவர்கள் அந்தப் பொறாமையை வாபஸ் வாங்கிக்கொண்டு பழைய இரக்கத்தையே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

நான் கோட்டக்குப்பத்தில் பிறந்து வளர்ந்து, அங்கேயே குடியிருப்பவன். புதுச்சேரி நகரத்தின் வட எல்லையைத் தாண்டினால் எங்கள் ஊர். நான் நிஜார் போட்டுத் திரிந்த காலத்தில் எங்களுக்கு அகலமான மணற்கரை இருந்தது. ஒரு பக்கம் வலை காயும். ஒரு பக்கம் கட்டுமரங்கள் படுத்திருக்கும். நடுவில் நாங்கள் சடுகுடு ஆடுவோம். இப்போது கடல் இருக்கிறது, கரைதான் இல்லை. நாங்கள் ஆடிய இடத்தில் கருங்கற்கள் குவிந்து கிடக்கின்றன.

இது எப்படி நேர்ந்தது என்பதை வகுப்பில் அடிக்கடி சொல்வதுண்டு. நம் கீழைக் கடற்கரையில் மணல் ஓரிடத்தில் நிலைத்து நிற்பதன்று. வருஷத்தின் பெரும்பகுதியில் அலைகள் அதைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே இருக்கும். வாடைக் காற்று வீசும் மாதங்களில் மட்டும் சற்றுத் தெற்கே திரும்பும். 1980-களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்தின் வாயிலில் அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தன. வடக்கே வரவேண்டிய மணல் அங்கே தடைப்பட்டது. சுவருக்குத் தெற்கே கரை வளர்ந்தது. வடக்கே கடல் கரையைத் தின்னத் தொடங்கிற்று. நகரத்தைக் காக்கக் கல் கொட்டினார்கள். அங்கே பசி தீராத கடல் மேலும் வடக்கே நகர்ந்தது. கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று வரிசையாகக் குப்பங்கள் தங்கள் மணலை இழந்தன. "வரவு நின்று செலவு மட்டும் நடந்தால் ஒரு குடும்பம் என்ன ஆகுமோ, கரையும் அதுவே ஆகும்" என்று மாணவர்களுக்கு விளக்குவேன். நான் கணக்கு உபாத்தியாயர்.

கரை போனதால் மனிதனுக்கு உண்டான நஷ்டத்தை எடுத்துச் சொல்ல மனிதன் இருக்கிறான். வாயில்லாத ஜீவன் ஒன்றும் நஷ்டப்பட்டது. அதுதான் பங்குனி ஆமை. மார்கழிக் கடைசி முதல் பங்குனி முடிய, இரவு வேளையில் பெண் ஆமை கரையேறும். முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டி, நூறு நூற்றிருபது முட்டைகள் இட்டு, மணலால் மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பும். எத்தனையோ வருஷம் கடலெல்லாம் சுற்றினாலும், முட்டையிடுவதற்கு அது தான் பிறந்த கரைப்பக்கமே வந்து சேருகிறது. நம் பெண்கள் பிரசவத்துக்குப் பிறந்தகம் வருவது போலத்தான்.

கருங்கல்லில் குழி தோண்ட முடியுமா? ஆகையால் மணல் மிஞ்சியிருக்கும் இடத்தையாவது காப்போம் என்று, நானும் மேல்வகுப்பு மாணவர் ஆறு பேரும் மரக்காணம் போகும் வழியிலுள்ள ஒரு குப்பத்திற்குச் சென்று தொண்டு செய்து வருகிறோம். வனத்துறையார் அங்கே ஒரு பொரிப்பிடம் அமைத்திருக்கிறார்கள். நாயும் நரியும் முட்டைகளைத் தோண்டுவதற்குமுன் அவற்றை எடுத்து, வேலிக்குள் அதேபோல் குழி செய்து புதைக்க வேண்டும். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அநுமதியின்றி ஒரு முட்டையைத் தொடுவதும் குற்றம். அநுமதி பெற்றே தொடுகிறோம். 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கிய செய்தி வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். இழுவலையில் சிக்கிய ஆமை மூச்சுவிட மேலே வர முடியாமல் மூழ்கி இறக்கிறது. பிறக்கும் குஞ்சுகளிலும் ஆயிரத்தில் ஒன்றுதான் பெரிதாகும் என்பார்கள். அந்த ஒன்றுக்காகவே இத்தனை பாடும்.

முட்டை பொரிக்க நாற்பத்தைந்து முதல் அறுபது நாள் ஆகும். பங்குனியில் இட்டவை பொரிப்பது சித்திரை, வைகாசியில். அதாவது சரியாக எங்கள் விடுமுறையில். நள்ளிரவில் புறப்பட்டுப் போவேன். எங்கள் தெருப் பள்ளிவாசலில் சுபுஹு தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில் வீடு திரும்புவேன். சில நாள் விடிந்த பிறகும் அங்கேயே நின்றுவிடுவதுண்டு. அப்போது உப்பளத்தில் வெயில் ஏறுமுன் உப்பு வாரி முடித்துவிட வேண்டுமென்று ஆணும் பெண்ணும் பாத்திகளில் இறங்கியிருப்பார்கள். அவர்களில் ஒரு கிழவி, பொரிப்பிடத்துக்கு நாங்கள் தென்னங்கீற்றால் நிழல் கட்டுவதைப் பார்த்து, "வாத்தியாரே, வெயில் காஞ்சாத்தான் எங்களுக்குக் கஞ்சி, உங்க முட்டைக்கு அது ஆகாதா?" என்று கேட்டாள். சரியான கேள்வி. மணலின் சூடு ஏறக்குறைய முப்பது டிகிரிக்கு மேல் போனால் குஞ்சுகளில் பெண்ணே மிகும். குறைந்தால் ஆண் மிகும். மிதமிஞ்சினால் முட்டையே கெடும். இதைச் சொன்னதும் கிழவி சிரித்தாள். "பொட்டைப் புள்ளைதான் பொறக்கட்டுமே. அதுதானே திரும்பி வரும்?" என்றாள். அவள் சொன்னது உண்மை. ஆண் ஆமை கடலில் இறங்கிய பிறகு கரையை எட்டிப் பார்ப்பது மிக அபூர்வம்.

பகலில் நான் குடும்பஸ்தன். காய்கறி வாங்குவது, மகனுடன் கேரம் ஆடித் தோற்பது, மகளுக்கு நுங்கு சீவிக் கொடுப்பது, நடுவே உட்கார்ந்தபடியே தூங்குவது ஆகிய காரியங்களைச் செவ்வனே செய்துகொண்டிருந்தேன். எல்லாம் சரியாகவே நடப்பதாக எண்ணியிருந்தேன். ஒரு நாள் பிற்பகல் என் மனைவி அந்த எண்ணத்தைக் கலைத்தாள்.

"ஆமைக்குப் பிறந்தகம் வேண்டுமென்று ராப்பகலாய் அலைகிறீர்கள். எனக்கும் ஒரு பிறந்தகம் இருக்கிறது. அதுவும் ஆனி மாதம் வரையில்தான் இருக்கும்" என்றாள்.

அவளுடைய பிறந்த வீடு கும்பகோணத்துக்கு அருகே ஒரு கிராமத்தில் இருக்கிறது. சகோதரர்கள் வெளியூர்களில் நிலைத்துவிட்டபடியால் வீட்டை விற்பதென்று தீர்மானித்து, முன்பணமும் வாங்கியாயிற்று. ஆனியில் பத்திரப் பதிவு. என் மாமியார் அதன் பிறகு மூத்த மகனோடு போய்விடுவார். அந்த ஊஞ்சலிலும் அந்த முற்றத்திலும் குழந்தைகள் கழிக்கப்போகும் கடைசிக் கோடை அது. ஏப்ரல் மாதத்திலேயே போவதாக நான் வாக்களித்து, ஒரு வாரம், இன்னொரு வாரம் என்று தள்ளிக்கொண்டே வந்திருந்தேன்.

"இன்னும் இரண்டே இரண்டு கூடுகள். ஏப்ரல் 1-ஆம் தேதி இட்டது ஒன்று, 8-ஆம் தேதி இட்டது ஒன்று. அவை பொரித்துவிட்டால்..."

"எந்தத் தேதியில் பொரிக்கும்?"

"நாற்பத்தைந்திலிருந்து அறுபது நாளுக்குள்."

"கணக்கு வாத்தியாருக்குப் பதினைந்து நாள் பிழையா?" என்றாள்.

பதில் சொல்ல வழியில்லாமல் சதீஷ் பாஸ்கரின் கதையை எடுத்து விட்டேன். இந்தியக் கடற்கரைகளை நடந்தே அளந்து, ஆமைகளைப் பற்றி எழுதி வைத்த மகாநுபாவர் அவர், 2023-ல் காலமானார். 1982-ல் ஆமைகளை ஆராய்வதற்காக லட்சத்தீவுகளில் சுஹேலி என்னும் ஆளில்லாத தீவில், கப்பல் போக்குவரத்து நின்றுவிடும் மழைக்காலத்தில், பல மாதம் தன்னந்தனியாக இருந்தார். அங்கிருந்து மனைவிக்குக் கடிதம் எழுதி, புட்டியில் அடைத்துக் கடலில் விட்டார். அது இலங்கைக் கரையில் ஒரு மீனவர் கையில் கிடைத்தது. அந்தப் புண்ணியவான் அதை அவர் மனைவிக்குத் தபாலில் அனுப்பி வைத்தார். இந்த அற்புதத்தைக் கேட்டு என் மனைவி மனம் உருகுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"அந்த அம்மாளுக்குப் புட்டியிலாவது கடிதம் வந்தது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று இரவு பொரிப்பிடத்தில் உட்கார்ந்து யோசித்தேன். கரை போன துக்கத்தை ஊருக்கெல்லாம் சொல்லுகிறேன். வீட்டுக்குள் ஒருத்தி தன் வீடு போகும் துக்கத்தைச் சொல்லும்போது ஆமைக் கதை சொல்லுகிறேன். நான் இல்லாவிட்டால் முட்டை பொரிக்காது என்று யார் சொன்னார்கள்? முட்டைக்கு வேண்டியது மணலும் சூடும். கணக்கு வாத்தியார் அல்ல. விடிந்ததும் மாணவர்களிடம் நோட்டுப் புத்தகத்தை ஒப்படைத்தேன். காவலுக்கு வனத்துறைக் காவலர் கூட இருப்பார். மே 16-ஆம் தேதி குடும்பத்தோடு ரயில் ஏறினோம்.

கிராமத்தில் மாமியார் என்னைப் பார்த்ததும், "வாங்க மாப்பிள்ளை, ஆமையெல்லாம் சௌக்கியந்தானே?" என்றார். பரிகாசமா, உபசாரமா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. பத்து நாளும் குழந்தைகள் ஊஞ்சலை விட்டு இறங்கவில்லை. பம்புசெட்டுத் தண்ணீரில் குளித்தார்கள். பாட்டியிடம் தாயம் ஆடித் தோற்றார்கள். என் மனைவியோ ஒவ்வோர் அறையாகப் போய்ச் சும்மா நின்றுவிட்டு வந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை.

21-ஆம் தேதி இரவு டெலிபோன் மணி அடித்தது. "ஸார், முதல் கூடு பொரித்துவிட்டது. தொண்ணூற்றிரண்டு குஞ்சு!" என்றான் ஒரு மாணவன். பின்னால் அலைச் சத்தம் கேட்டது. வெளிச்சத்தை நோக்கிக் குஞ்சுகள் கரைப்பக்கம் திரும்பிவிடாதபடி, குப்பத்துப் பெரியவர்களிடம் கேட்டு அருகிலிருந்த மின்விளக்கைச் சற்று நேரம் அணைக்கச் செய்தார்களாம். அந்த யோசனை எனக்கு இரண்டு வருஷமாகத் தோன்றவில்லை. சந்தோஷமும் சிறிது பொறாமையும் சேர்ந்து வந்தன. என் மனைவி டெலிபோனை வாங்கி, "எல்லாம் கடலுக்குப் போய்விட்டதா அப்பா? ஒன்று விடாமல் எண்ணினீர்களா?" என்று கேட்டாள்.

இரண்டாவது கூடு நாங்கள் ஊர் திரும்பிய பிறகு, 29-ஆம் தேதி பொரித்தது. அன்று குடும்பமே மணலில் நின்றது. உள்ளங்கையில் அடங்கும் கருங்குஞ்சுகள் அலையை நோக்கி ஊர்ந்தன. முதல் அலை சிலவற்றைத் திருப்பித் தள்ளியது. அவை மறுபடி ஊர்ந்தன. மகன் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைக்க முயன்று, பத்தாவதில் கைவிட்டான்.

"இதெல்லாம் திரும்பி வர எத்தனை வருஷம் ஆகும்?" என்று கேட்டாள் மனைவி.

"பத்து, பதினைந்து வருஷம்."

"அப்போது இந்தக் கரை இருக்குமா?"

வடக்கே நகர்ந்துகொண்டிருக்கும் கடலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவளுக்கும் தெரியும். ஆகையால் பதில் சொல்லவில்லை. பதினைந்து வருஷம் கழித்து என் மகளுக்கு இருபத்தாறு வயதாகும். அவளும் ஒரு நாள் தன் குழந்தையோடு பிறந்தகம் வருவாள். வீட்டை நான் விற்காமல் வைத்துக்கொள்ளலாம். கரையை வைத்துக்கொள்வது என் ஒருவனால் ஆகிற காரியமன்று. அதற்காகத்தான் அந்த ஆறு பையன்களையும் அடுத்த கோடைக்கு இப்போதே கேட்டு வைத்திருக்கிறேன். அவர்கள் பன்னிரண்டு பேராக வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.