ஆறு கட்டில் வீடுகளும் ஒரு சங்கமும்

லண்டனில் எங்கள் ஆட்கள் என்ன தொழில் நடத்துகிறார்கள் என்று கேட்டால் பெற்றோல் ஸ்டேஷன், மூலைக்கடை, நகைக்கடை என்று தொடங்குவார்கள். கெயார் ஹோம் கடைசியில்தான் வரும். தெருவில் போகிறவருக்கும் அது கண்ணில் படாது. குறொய்டன் பக்கத்தில் பழைய விக்டோரியா காலத்து வீடு, படி இருந்த இடத்தில் சக்கர நாற்காலிக்கு ஒரு சரிவு, வாசலில் வருவோர் கையெழுத்திடும் புத்தகம், உள்ளே பூட்டிய மருந்து அலுமாரி. ஆறு முதியவர்கள். நடத்துகிறவர் ஒரு காலத்தில் ஆஸ்பத்திரியில் நேர்ஸாக இருந்தவர். அப்படி ஒரு வீட்டின் கணக்குகளை நான் பார்க்கிறேன். உரிமையாளர் எங்கள் எல்லோருக்கும் அக்கா.

சிறிய வீடு என்பதால் சட்டம் சலுகை தருவதில்லை. ஆறு பேர் இருந்தாலும் அறுபது பேர் இருந்தாலும் பராமரிப்பு இடங்களைக் கண்காணிக்கும் சி.கியூ.சி.யின் பரிசோதகர் கேட்பது அதே ஐந்து கேள்விகள்தான். செலவுதான் வேறு. இரவில் விழித்திருக்க ஒரு ஆள் வேண்டும். 2025 ஏப்ரலில் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 12.21 பவுண்ட். பத்து மணி நேரம், ஏழு இரவு என்றால் கிழமைக்கு ஏறத்தாழ 855 பவுண்ட். ஆறு பேருக்குப் பிரித்தால் தலைக்கு 142. இருபது பேருக்கு ஒரு ஆள் நிற்கிற பெரிய இடத்தில் தலைக்கு 43. முதியவர்களை அனுப்பிக் கட்டணம் கட்டுகிற கவுன்சில் இரண்டு இடத்துக்கும் ஒரே விலையைத்தான் மனதில் வைத்திருக்கிறது.

அந்த விலை எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டும். காலையில் கணினியில் ஒரு அறிவிப்பு விழும்: பெண், வயது 84, மறதி நோய், இரவில் எழுந்து நடப்பார், கிழமைக்கு எவ்வளவு கேட்பீர்கள்? அக்கா ஒரு தொகையை எழுதுவார், பிறகு அழித்து முப்பது பவுண்ட் குறைத்து எழுதுவார். அடுத்த தெருவில் இருப்பவரும் அதையே செய்துகொண்டிருப்பார். வெறுங்கட்டிலுக்கும் வீட்டுக் கடன் கட்டத்தானே வேண்டும். 2017இல் போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் வெளியிட்ட ஆய்வின்படி, முந்தைய ஆண்டு சொந்தக் காசில் தங்கியவர்கள் சராசரியாகக் கிழமைக்கு 846 பவுண்ட் கட்டினார்கள், கவுன்சில்கள் கட்டியது 621. வசதியான ஊரில் இருக்கிற ஹோம், கவுன்சில் விடுகிற ஓட்டையைச் சொந்தக் காசில் தங்குகிறவர்களைக் கொண்டு அடைத்துக்கொள்ளும். எங்கள் பகுதியில் கவுன்சில் அனுப்பாமல் வருகிறவர் அபூர்வம்.

இந்த இடத்தில்தான் கெயார் ஹோம் உரிமையாளர் சங்கம் வருகிறது. நம்மவருக்குச் சங்கம் புதிதல்ல. ஊர்ச் சங்கம், கோயில் நிர்வாக சபை, பழைய மாணவர் சங்கம், அதில் பிளவு, பிளந்ததில் இரண்டு ஆண்டு விழா. 2009இல் இலங்கைப் போரை நிறுத்தச் சொல்லி நாடாளுமன்றச் சதுக்கத்தில் கிழமைக் கணக்காக உட்கார்ந்தவர்களும் நாங்கள்தான். சொந்தத் தொழிலுக்கென்று ஒரு கடிதத்தில் கையெழுத்து வைக்கச் சொன்னால் மட்டும் பேனை எழும்பாது. அக்காவின் விளக்கம் எளிமையானது: “கவுன்சில்காரன் என்ர பேரைப் பாத்தா, பிறகு எனக்கு ஆள் அனுப்புவானே தம்பி?”

பயம் வெறும் கற்பனை என்று சொல்லமாட்டேன். ஆனால் தனியாக இருக்கிறவருக்குத்தான் அது அதிகம். லிவர்பூலுக்கு வடக்கே செஃப்டன் என்ற கவுன்சில் 2011இல் கட்டணத்தை உயர்த்தாமல் விட்டபோது, அங்குள்ள கெயார் ஹோம் சங்கம் வழக்குப் போட்டது. ஒழுங்காகக் கலந்தாலோசிக்கவில்லை, உண்மையான செலவைக் கணக்கில் எடுக்கவில்லை என்று உயர் நீதிமன்றம் அந்த முடிவைச் சட்டவிரோதம் என்றது. ஆறு கட்டில் வைத்திருக்கிற ஒருவரால் தனியாக அந்த வக்கீல் செலவைத் தாங்கியிருக்க முடியுமா?

சங்கத்தால் செய்யக்கூடாததும் ஒன்று உண்டு. ‘இந்தத் தொகைக்குக் கீழே ஒருவரும் ஆள் எடுக்காதீர்கள்’ என்று தங்களுக்குள் பேசி வைத்தால் 1998ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தில் மாட்டிக்கொள்வார்கள். செலவைப் பற்றிப் பேசலாம், விலையைப் பேசி முடிக்கக்கூடாது. வாங்குகிறவன் ஒரே ஆளாக நின்று விலை வைக்கலாம், விற்கிற சிறியவர்கள் சேர்ந்து வைக்கக்கூடாது. சட்டத்தில் நியாயம் இருக்கலாம், எனக்கு இன்னும் முழுதாகச் செரிக்கவில்லை.

சங்கத்தின் பெரிய உதவி நீதிமன்றத்துக்கு வெளியேதான் என்று எனக்குப் படுகிறது. 2022இல் அரசாங்கம் ‘நியாயமான பராமரிப்புச் செலவு’ எவ்வளவு என்று கண்டறியக் கவுன்சில்கள் மூலம் படிவம் அனுப்பியது. ஒரு முதியவருக்குக் கிழமைக்கு என்ன செலவு என்பதை வரிசை வரிசையாக நிரப்பவேண்டும். அக்காவின் கணக்கில் சம்பளச் செலவு அதிசயமாகக் குறைந்திருந்தது. காரணம் தெரிந்ததுதான். யாராவது சுகமில்லை என்று வராவிட்டால் இரவில் நிற்பது அவர். சனி, ஞாயிறு சமையல் அவருடைய கணவர். இரண்டும் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அந்த மணித்தியாலங்களைச் சம்பளமாகப் போட்டுக் காட்டுங்கள் என்று சங்கத்தில் இருந்த கணக்காளர் சொன்னார். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. “என்ர வீட்டில நான் நிக்கிறதுக்கு ஆரிட்டக் காசு கேக்கிறது?” இப்படிக் கேட்கிற ஒவ்வொருவரும் மற்ற எல்லோருடைய விலையையும் இறக்குகிறார்கள், ஏனென்றால் எல்லாப் படிவங்களையும் அடுக்கி நடுவில் வருவதைத்தான் கவுன்சில் எடுக்கும். அக்கா இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்துவிட்டு அந்த மணித்தியாலங்களைப் போட்டார்.

2025 ஏப்ரலில் முதலாளி கட்டும் தேசியக் காப்புறுதி 13.8இலிருந்து 15 வீதமானது. கட்டத் தொடங்கும் எல்லை 9,100 பவுண்டிலிருந்து 5,000 ஆக இறங்கியது. அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்கு ஈடு கொடுத்தார்கள், எங்களுக்கு இல்லை. மிகச் சிறிய முதலாளிகளுக்கு ஒரு கழிவு கூட்டப்பட்டதையும் சொல்லவேண்டும், அதனால் அக்காவுக்கு விழுந்த அடி பயந்த அளவுக்கு இல்லை. ஆனாலும் அதற்கு முன், பெப்ரவரி 25ஆம் தேதி, இந்த உயர்வை எதிர்த்து வெஸ்ட்மின்ஸ்டரில் நடந்த ஊர்வலத்துக்கு அவர் வந்தார். உயர்வு திட்டப்படியே நடைமுறைக்கு வந்தது.

சங்கத்தின் மேல் எனக்கும் ஒரு குறை உண்டு. 2022 பெப்ரவரியில் பராமரிப்புத் தொழிலாளருக்கு விசா திறந்ததும், வேலைக்கு எடுக்கவே காசு வாங்கிய முகவர்களும் முதலாளிமாரும் கிளம்பினார்கள். கடன் வாங்கி வந்தவர்கள் வேலையே கிடைக்காமல் நின்றார்கள். தமிழ் முதலாளி அப்படிச் செய்யமாட்டார் என்று நான் சத்தியம் பண்ணத் தயாரில்லை. 2025 ஜூலை 22இல் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை அரசாங்கம் மூடியபோது ஆள் பற்றாக்குறை என்று முதலாளிமார் சத்தம் போட்டது சரி. ஆனால் காசு வாங்கியவர்களைப் பற்றிச் சங்கம் அதே உரப்பில் பேசவில்லை. கட்டணத்தைக் கூட்டு என்று கேட்கிற சங்கம், கூட்டினால் அதில் எவ்வளவு சம்பளத்துக்குப் போகும் என்று முதலில் சொன்னால் பேச்சுக்கு எடை கூடும்.

அக்கா இந்த வருடம் சந்தா கட்டிவிட்டார். போன கூட்டத்தில் கை உயர்த்தி, ஆளிடம் காசு வாங்கியவர் அங்கத்தவராக இருக்கக்கூடாது என்று ஒரு விதி போடச் சொன்னார். மூன்று பேர் தலையாட்டினார்கள். தலைவர் நேரமாகிவிட்டது என்று அதை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறார்.