'ஏன் இவ்ளோ லேட்டு?'ன்னு கேட்காதீங்க!

ஒரு கேள்வி ஃப்ரெண்ட்ஸ். ஒரு வாத்தியாருக்கு மாசா மாசம் சம்பளம் கொடுக்கிறது அரசாங்கம். என்ன பாடம் நடத்தணும்னு முடிவு பண்றதும், ரூல்ஸ் போடறதும், ஆய்வாளரை அனுப்பறதும் அரசாங்கம்தான். அந்த வாத்தியார் ஒரு குழந்தைகிட்ட தப்பா நடந்துக்கிட்டா மட்டும், 'அவருக்கு நாங்க பொறுப்பில்லை'ன்னு அரசாங்கம் ஒதுங்கிக்கலாமா?

'அதெப்படிங்க முடியும்?'னு கோபம் வருதில்ல? அயர்லாந்துல இதே கேள்வி வருஷக்கணக்கா கோர்ட் படியேறிச்சு. சட்டம் படிக்கிற எனக்கு அந்த வழக்கு மூட் கோர்ட் மூலமா அறிமுகமாச்சு. மூட் கோர்ட்னா, மாணவர்களே வக்கீலா நின்னு வாதாடற போட்டி. எனக்குக் கிடைச்சது அரசுத் தரப்பு! ராத்திரி உட்கார்ந்து எழுதினா, பாயின்ட்ஸ் மளமளன்னு வந்து விழுந்துச்சு. அவ்வளவு சுலபமா வந்ததுதான் எனக்குப் பயமா இருந்தது. ஏன்னு சொல்றேன், கேளுங்க.

கார்க் மாவட்டத்தில் டன்டெரோன்னு ஒரு சின்ன ஊர். அங்கே இருந்த ஆரம்பப் பள்ளியில் படிச்சவர் லூயிஸ் ஓகீஃப். 1973-ல், எட்டு ஒன்பது வயசில், அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியரே அவரைப் பாலியல் கொடுமைக்கு ஆளாக்கினார். அதற்கு முன்பே, 1971-ல், இன்னொரு குழந்தையின் பெற்றோர் அதே ஆசிரியரைப் பற்றிப் பள்ளி நிர்வாகியான பாதிரியாரிடம் புகார் சொல்லியிருக்கிறார். அந்தப் புகார் போலீசுக்கும் போகலை, கல்வித் துறைக்கும் போகலை. 1969 முதல் 1973 வரை அரசு ஆய்வாளர் 6 தடவை அந்தப் பள்ளிக்கு வந்து போயிருக்கிறார். அவர் காதுக்கும் எதுவும் எட்டலை.

1973-ல் மறுபடி புகார் கிளம்பினதும் அந்த ஆசிரியர் லீவில் போனார். 1974 ஜனவரியில் ராஜினாமா. அதோட முடிஞ்சுதுன்னு நினைக்கறீங்களா? இல்லை பாஸ். வேற பள்ளியில் சேர்ந்து, 1995 வரை பாடம் நடத்திட்டு ஓய்வு பெற்றார்!

90-களில் முன்னாள் மாணவி ஒருவர் போலீசுக்குப் போக, வரிசையா உண்மைகள் வெளியே வந்தன. 21 மாணவிகள் தொடர்பாக 386 குற்றச்சாட்டுகள். 1998-ல் அவற்றில் 21-ஐ அவர் ஒப்புக்கொண்டார், சிறைக்குப் போனார். 'இத்தனை வருஷமா என்னைப் படுத்தினது இதுதானா?' என்பது ஓகீஃபுக்குப் புரிய ஆரம்பித்ததே அப்போதுதான். உடனே அரசு மேலே நஷ்டஈடு வழக்குப் போட்டார்.

அரசு சொன்ன பதில் என்ன தெரியுமா? 'சம்பளம் நாங்க கொடுக்கிறோம்தான். ஆனா பள்ளியை நடத்தறது திருச்சபை. அதனால நாங்க பொறுப்பில்லை.' 2006-ல் உயர் நீதிமன்றத்தில் ஓகீஃப் தோற்றார். 2008-ல் உச்ச நீதிமன்றத்திலும் தோற்றார். வழக்குச் செலவுக்குத் தன் வீடே போய்விடுமோ என்ற பயத்தோடுதான் அந்த வருஷங்களை அவர் ஓட்டினார்.

மூட் கோர்ட்டுக்கு நான் எழுதின பாயின்ட்ஸும் இதேதான். பேப்பரில் பார்த்தா அழகா இருக்கும். ஆனா, அதில் அந்த எட்டு வயசுக் குழந்தைக்கு இடமே இருக்காது.

அவர் விடலை. பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் இருக்கும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார். 2014 ஜனவரி 28-ல் தீர்ப்பு. 11 நீதிபதிகள் அவர் பக்கம், 6 பேர் எதிர்ப்பக்கம். ஆரம்பக் கல்வியை வேறு யார் கையில் கொடுத்தாலும், குழந்தையைக் காக்கும் கடமையை அரசு கை கழுவ முடியாதுன்னு நீதிமன்றம் சொன்னது. குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்கள் நடப்பது அரசுக்கு அப்போதே தெரியும். தெரிந்தும், புகார் நேராக அரசுக்கு வர ஒரு வழி செய்து வைக்கலைன்னும் சுட்டிக்காட்டியது. நஷ்டஈடு 30,000 யூரோ. பிரதமரும் மன்னிப்புக் கேட்டார்.

சுபம் போட்டுடலாமா? அதுதான் இல்லை! மற்ற பள்ளிகளில் பாதிக்கப்பட்டவர்களுக்காக 2015-ல் அரசு ஒரு நஷ்டஈட்டுத் திட்டம் கொண்டுவந்தது. அதில் ஒரு நிபந்தனை: அதே ஆசிரியர் மேல் அதற்கு முன்பே ஒரு புகார் வந்திருந்ததை நீங்க நிரூபிக்கணும். கொஞ்சம் யோசிங்க. அப்போ முதலில் பாதிக்கப்பட்ட குழந்தைக்கு நியாயமே கிடையாதா? புகாரைப் பெரியவங்க அமுக்கியிருந்தா, அந்தக் குழந்தை ஆதாரத்துக்கு எங்கே போகும்? அந்த நிபந்தனையே தப்புன்னு ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர் 2019-ல் சொன்ன பிறகுதான், இன்னொரு பிரதமர் இன்னொரு மன்னிப்புக் கேட்டார்.

இந்தக் கதையைக் கேட்ட என் கிளாஸ்மேட் ஒருத்தர், "இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு எதுக்குங்க கேஸ்?"னார். நம்மில் பல பேர் கேட்கிற கேள்விதான் அது. ஆனா கணக்கைப் பாருங்க. 1971-லேயே புகார் வந்தாச்சு. லேட் பண்ணினது யாரு? குழந்தைகளா, அவங்களைச் சுத்தி இருந்த பெரியவங்களா? தனக்கு நடந்ததுக்குப் பேர் என்னன்னே தெரியாத வயசு அது. பேர் தெரிஞ்சு, தைரியம் வந்து, வாயைத் திறக்கிறதுக்குள்ள பாதி ஆயுசு போயிடுது.

நாளைக்கு உங்க ஃப்ரெண்ட் ஒருத்தர், சின்ன வயசில் பள்ளியிலோ விடுதியிலோ நடந்ததைப் பத்தி உங்ககிட்ட வாயைத் திறக்கலாம். 'அப்பவே ஏன் சொல்லலை?'ன்னு மட்டும் கேட்டுடாதீங்க. அதைக் கேட்க கோர்ட்ல எதிர்த்தரப்பு வக்கீல் இருக்கார். 'நான் உன்னை நம்பறேன். என்ன பண்ணலாம், சொல்லு'ன்னு உட்காருங்க. வழக்குப் போடறதா வேண்டாமாங்கிறது அவங்க முடிவு. பக்கத்துல நிக்கிறது மட்டும் நம்ம வேலை.