கம்பிக்குத் தெரிந்த மட்டம்

வண்டி: 2003 சபர்பன் 1500, ஃபோர் வீல் டிரைவ். இடம்: கொலராடோ, வீட்டு கராஜ். பின்னால் ஸ்பிரிங்குக்கு மேலே 2 அங்குல ஸ்பேசர். முன்னால் டார்ஷன் பார் போல்ட்டை முறுக்கி அதற்கேற்ற உயரம். வேலை முடிந்து ஒரு வாரம் ஓட்டியாயிற்று. ஒரு குறையும் தெரியவில்லை. கோளாறு அங்கேதான் ஒளிந்திருந்தது.

*

வண்டியைத் தூக்கும் முன் பார்க்க வேண்டியது கிளவ் பாக்ஸ் மூடியின் உட்புறம். அங்கே ஒட்டியிருக்கும் சீட்டில் Z55 என்று இருந்தால் ஆட்டோரைடு, பாரம் ஏறினாலும் பின்பக்க உயரத்தைத் தானே காக்கும் அமைப்பு: கம்ப்ரசர், சென்சார், பின்னால் காற்றடைக்கும் ஷாக்குகள். ZW7 என்றிருந்தால் நிவோமேட். அதில் சென்சாரும் இல்லை, கம்ப்ரசரும் இல்லை. சாலைக் குலுக்கலையே பம்பாக்கித் தன்னைத் தானே நிமிர்த்திக்கொள்ளும் ஷாக். இரண்டுக்கும் மருந்து வேறு. என் வண்டி Z55.

*

அமைப்பு எளிது. சேசிஸில் சென்சார். அதில் விரல் நீளத்துக்கு ஒரு கை. கையிலிருந்து ஒரு கம்பி இறங்கி ஆக்சில் பக்கம் போய்ப் பிடித்துக்கொள்கிறது. பாரம் ஏறினால் பாடி இறங்கும், கம்பி கையை மேலே தள்ளும், கம்ப்ரசர் ஓடும். பாரம் இறங்கினால் கை கீழே சாயும், வால்வு திறந்து காற்று வெளியேறும். ஒவ்வொரு குழிக்கும் துள்ளாமல் இருக்க, கொஞ்சம் பொறுத்துப் பார்த்துத்தான் முடிவெடுக்கும்.

*

பெயர் 'ஆட்டோ லெவலிங்'. ஆனால் இதற்கு மட்டம் தெரியாது. கொத்தனாரின் ரசமட்டம் பூமியைக் கேட்டுச் சொல்லும். இது ஆக்சிலைக் கேட்டுச் சொல்கிறது. மலைச்சரிவில் நிறுத்தினால் வண்டி சாய்ந்துதான் நிற்கும், சென்சாருக்கு எல்லாம் சரி. அதற்குத் தெரிந்ததெல்லாம் ஒரு கையின் கோணம்.

*

1955-இல் வந்த சித்ரோயன் டிஎஸ் காரிலும் இதே கதைதான். கம்ப்யூட்டர் கிடையாது. சக்கரத்தோடு சேர்ந்து திருகும் பாரிலிருந்து ஒரு கம்பி, அதன் முனையில் ஒரு வால்வு. வால்வு ஒருபுறம் நகர்ந்தால் எண்ணெய் உள்ளே, மறுபுறம் நகர்ந்தால் வெளியே. எண்ணெய் காற்றாயிற்று, வால்வு சென்சாராயிற்று. கம்பி மட்டும் போகவில்லை.

*

தூக்கிய பிறகு என்ன ஆகிறது? பாடி 2 அங்குலம் மேலே. கை கீழே இழுபட்டுக் கிடக்கிறது. 'வண்டி உயர்ந்துவிட்டது, காற்றைத் திற' என்கிறது சென்சார். ஷாக்கில் இருப்பதோ குறைந்தபட்சக் காற்று. அது போனாலும் வண்டி இறங்காது, வெறும் வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஆகவே கண்ணில் எதுவும் படாது. பாரம் ஏற்றும் நாள்வரை.

*

சோதனை. 40 பவுண்டு உப்பு மூட்டை 12, எல்லாம் பின்னால். ஹப் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்புவரை 23 அங்குலம் இருந்தது 21½ ஆயிற்று. சாவியைப் போட்டுக் காத்திருந்தேன். கம்ப்ரசர் வாயே திறக்கவில்லை. திறக்காதுதான்: பழைய உயரம் 21. அதற்குக் கீழே போனால்தானே அதற்குப் பாரம் என்று தோன்றும்? 480 பவுண்டு அதன் கணக்கில் ஏறவே இல்லை. இந்த நிலையில் டிரெய்லர் மாட்டிக்கொண்டு கணவாய் ஏறியிருந்தால் பின்பக்கம் தாழ்ந்து, முன்விளக்கு எதிரே வருபவர் கண்ணில் அடித்திருக்கும்.

*

என் தவறு: தூக்கும் முன் அந்தக் கை எந்தக் கோணத்தில் நின்றது என்று குறித்துவைக்கவில்லை. ஒரு சொட்டு வெள்ளை பெயிண்ட் போதும். ஒரு போட்டோ போதும்.

*

பரிகாரம்: பழைய உயரத்தை ஒருமுறை திரும்பக் கொண்டுவருவது. கம்ப்ரசர் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு இன்னும் 4 மூட்டை. போதவில்லை. நண்பரைக் கூப்பிட்டுப் பின்கதவு ஓரம் உட்காரச் சொன்னேன். "எதுக்குய்யா?" என்றார். "உங்க எடை வேணும்." 21 வந்தது. கையிலும் சென்சார் உடம்பிலும் சேர்த்து வெள்ளைக் கோடு போட்டேன். அவருக்குக் காபி கொடுத்து இறக்கிவிட்டேன்.

*

மூட்டைகளை இறக்கி, 23-இல் நிற்கும் வண்டியில் புதுக் கம்பி. மரை போட்ட கம்பி, இரு முனையிலும் பந்து மூட்டு, பூட்ட இரண்டு நட். 2 அங்குலம் தூக்கினால் கம்பியும் 2 அங்குலம் நீள வேண்டும் என்று நினைத்திருந்தேன். கோடு கோட்டோடு சேர்ந்தது 1¼-இல். கம்பியின் கீழ்முனை நேரே ஆக்சிலில் இருந்தால்தான் கணக்கு ஒன்றுக்கு ஒன்று. ஆக்சிலைப் பிடித்து ஊசலாடும் சஸ்பென்ஷன் கையின் நடுவில் பிடித்திருந்தால், சக்கரம் நகர்வதில் ஒரு பங்குதான் கம்பிக்கு வரும். அளவுகோலை நம்பாமல் கோணத்தை நம்பியது நல்லதாயிற்று.

கம்பி கூடுதலாக நீண்டிருந்தால் நேரெதிர் விளைவு: வெறும் வண்டியையே தாழ்ந்தது என்று நினைத்து ஓயாமல் காற்றடித்துக் கம்ப்ரசர் சூடேறும்.

*

மறக்கக் கூடாதவை. அளக்கும் முன் டயர்க் காற்று சரியாக, தரை சமமாக, வண்டியைக் கொஞ்சம் ஓட்டிவிட்டு வந்து. ஸ்பேசர் போட்டால் ஷாக்கின் கீழ்நோக்கிய ஓட்டம் குறையும். குழியில் சக்கரம் தொங்கும்போது ஷாக்தான் இழுபடும், ரப்பர் உறை கிழியும். அதற்குத் தனி பிராக்கெட். முன்னால் டார்ஷன் பாரை அதிகம் முறுக்கினால் அச்சு மூட்டின் கோணம் கெடும். கடைசியில் அலைன்மென்ட், முன்விளக்குத் திருத்தம்.

நிவோமேட்காரர்களுக்கு: திருத்த அங்கே கம்பியே இல்லை, உயரத்தின் நினைவு ஷாக்குக்குள் இருக்கிறது. ஷாக்கின் பிடிப்பிடத்தைத்தான் நகர்த்த வேண்டும். கழற்றிச் சாதா ஷாக் போட்டால் பின்பக்கம் உட்கார்ந்துவிடும். பாரத்தில் ஒரு பங்கை அதுதான் சுமந்துகொண்டிருந்தது.

*

மறுசோதனை. ஃப்யூஸ் இடத்தில். 12 மூட்டை. 21½. கொஞ்ச நேரம் அமைதி. பிறகு அடியில் ஓர் உறுமல். டேப்பைப் பிடித்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். 22. 22½. 23-க்கு ஒரு நூல் குறைவாக நின்றது.

மூட்டைகளை இறக்கி, சாவியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிட்டேன். சாவி எடுத்த பிறகும் பத்து நிமிடம்வரை காற்றை விடும் என்று கையேட்டில் உண்டு. கை கழுவிக்கொண்டிருந்தபோது கராஜ் பக்கமிருந்து மனைவியின் குரல்: "என்னங்க, வண்டி பெருமூச்சு விடுது."

"விடட்டும்" என்றேன்.