நினைவு போனாலும் மனம் உண்டு

மூப்பு வந்தால் மறதியும் கூடவே வரும் என்று நம்மவர் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். மூக்குக் கண்ணாடியை வைத்த இடம் மறந்து போவது மூப்பு. மூக்குக் கண்ணாடி எதற்கு என்பதே மறந்து போவது வியாதி. 1906-ஆம் வருஷத்தில் ஜெர்மானிய வைத்தியர் அல்ஸைமர் எடுத்துரைத்த வியாதியே இத்தகைய மறதிக்குப் பெரும்பாலும் காரணம். அதை அடியோடு போக்கும் மருந்து இன்றளவும் கிடையாது. ஆனால், மருந்து இல்லை என்பதனால் செய்வதற்கு ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடாது.

நம் இல்லத்திலுள்ள பெரியம்மாவுக்கு வயது 86. மாலை நாலரை மணியானால் அவருக்கு இருப்புக் கொள்ளாது. புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு வாயிற்படியில் நின்று, "வீட்டுக்குப் போகவேண்டும், அப்பா தேடுவார்" என்பார். அந்த அப்பா காலமாகி அறுபது வருஷங்களாயின. அதை எடுத்துச் சொன்னால் உண்மையை நிலைநாட்டிய பெருமை நமக்கு. அவருக்கோ அன்றுதான் இழவு விழுந்தது போன்ற துயரம். மறுநாள் சொன்னால் மறுநாளும் அதே துயரம்! ஆகையால், "அப்பா சந்தையிலிருந்து உங்களுக்கு என்ன வாங்கி வருவார், பெரியம்மா?" என்று நாம் கேட்போம். கதை பிறக்கும், கால்கள் தாமே திண்ணைக்குத் திரும்பும். பொய்யும் சொல்லவில்லை, வழக்கும் ஆடவில்லை. அவருடைய ஏக்கத்துக்கு மட்டும் பதில் சொல்கிறோம்.

முறத்தில் முருங்கைக் கீரையை வைத்தால் அவர் கைகள் தாமே ஆய்ந்துவிடும். நம் குழந்தைகளின் பெயர்கள் மறந்துவிட்டன. இலையும் காம்பும் மறக்கவில்லை. நெடுநாள் பழகிய கைவேலையும் பாட்டும் எளிதில் விடைபெறுவதில்லை. 1947-இல் சுதந்திரம் வந்த அன்று பள்ளிக்கூடத்தில் கொடுத்த மிட்டாயை இன்றும் நமக்கெல்லாம் பங்கிட்டுக் கொடுக்கிறார்!

இது வெறும் ஆறுதல் வார்த்தை அன்று. முதியோரைச் சிறு குழுவாக அமர்த்தி, பாட்டு, பழங்கதை, சொல் விளையாட்டு ஆகியவற்றில் வாரம் 2 முறையாக 7 வாரம் ஈடுபடுத்தும் முறை ஒன்றை இங்கிலாந்தில் வகுத்தார்கள். அறிவுத் தெளிவும் மனநிறைவும் ஓரளவு கூடியதாக 2003-இல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. பின்னர் சென்னையில் அதைத் தமிழ் பேசும் முதியோருக்கு ஏற்றபடி மாற்றியமைத்தார்கள். வியாதி நின்றுவிடாது, வாழும் நாள் வாழ்வாக இருக்கும்.

படபடப்பை அடக்க, சித்தப்பிரமைக்கு உரிய மாத்திரைகளைக் கொடுப்பதும் உண்டு. இத்தகைய முதியோருக்கு அவை மரண அபாயத்தை மிகுவிக்கின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா 2005-இல் எச்சரித்தது. எனவே, வைத்தியரைக் கலந்துகொண்டு முதலில் காரணத்தைத் தேட வேண்டும். தாகமா, வலியா, மலச்சிக்கலா? அந்தி நிழல் பயமுறுத்துகிறதா? அப்படியானால் விளக்கைச் சற்று முன்னதாக ஏற்றினாலே போதும். திடீரென்று குழப்பம் மிகுந்தால் மட்டும் தாமதம் கூடாது. உள்ளே ஜுரமோ சிறுநீர்த் தொற்றோ ஒளிந்திருக்கலாம்.

இவ்வளவையும் செய்வது யார்? அநேகமாக வீட்டிலுள்ள ஒரே ஒரு ஸ்திரீதான். இரவில் விழிப்பவளும் அவளே. பகலில் உலை வைப்பவளும் அவளே. நம் இல்லத்தில் சனிக்கிழமை மாலைக் காவல் நம்முடையது. அன்று இல்லத்தரசி தம் சிநேகிதிகளைப் பார்க்கப் போய்விடுவார். ஆண்டுதோறும் கொடியேற்றி விடுதலையைக் கொண்டாடும் நாம், இந்தப் பெண்மணிகளுக்கு வாரத்தில் ஒரு மாலையேனும் விடுதலை அளிக்க வேண்டாமா?