தூத்துக்குடிக்காரனுக்கு உப்பைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

ஊர் ஊராக மாற்றலாகிப் போகும் வங்கிக்காரனுக்கு ஒரு தலையெழுத்து உண்டு. எந்தக் குடியிருப்புக்குப் போனாலும் பொருளாளர் பதவியை அவன் தலையில் கட்டிவிடுவார்கள். அகமதாபாத்தில் எங்கள் சொசைட்டியில் 24 வீடுகள், நடுவில் ஒரு சின்ன நீச்சல் குளம். குளோரின் பவுடர் போட்டுப் போட்டுப் பிள்ளைகளுக்குக் கண் எரிச்சல். உப்புத் தண்ணீர்க் குளமாக மாற்றலாம் என்று கமிட்டியில் முடிவானதும் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். சொந்த ஊர் தூத்துக்குடி என்று பெருமையடித்து வைத்திருந்தேன் அல்லவா!

"உப்புதானே, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன். அப்பா முப்பது வருடம் உப்பளத்தில் கணக்கெழுதியவர். வெள்ளை அம்பாரங்களைப் பார்த்தே வளர்ந்தவன், இதில் யாரிடம் என்ன கேட்பது?

கேட்க நிறைய இருந்தது.

உப்புத் தண்ணீர்க் குளம் என்றால் குளோரினே இல்லாத குளம் என்று நினைத்திருந்தேன். உண்மையில் உப்புதான் அங்கே குளோரினுக்கு மூலப்பொருள். கருவிக்குள் இருக்கும் டைட்டானியம் தகடுகளில் மின்சாரம் பாயும்போது, உப்புத் தண்ணீரிலிருந்து குளோரின் உண்டாகிறது. வேலை முடிந்ததும் பெரும்பாலும் உப்பாகவே திரும்பிவிடும். மொத்தமாகக் கொட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்வதால் கண்ணுக்கு இதம்.

கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. குளத்துக்கு 3 முதல் 4 கிராம் போதும். எங்கள் குளம் 60,000 லிட்டர். 50 கிலோ மூட்டை நான்கு. கணக்கு சரிதான். சரக்குதான் தப்பு.

நாட்டின் உப்பில் முக்கால் பங்கு குஜராத்தில்தான் விளைகிறது. மலிவாகக் கிடைத்ததே என்று சுத்திகரிக்காத கல்லுப்பை வாங்கிப் போட்டேன். கமிட்டிக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்த பெருமை வேறு! மூன்றே வாரத்தில் தரையில் பழுப்புக் கறை, தகடுகளில் வெள்ளைப் படிவு. கருவி சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு நின்றுபோனது.

இரவு அப்பாவுக்கு போன் போட்டேன்.

"ஏலே, அது கருவாட்டுக்குப் போடுற உப்புல்லா! மண்ணு, ஜிப்சம், மக்னீசியம் எல்லாம் கிடக்கும். ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

அந்தக் கடைசி வரிதான் சுட்டது. அவர் சோறு போட்ட தொழிலைப் பற்றி நான் ஒருநாளும் ஒரு கேள்வி கேட்டதில்லை.

மறுநாளிலிருந்து அப்பாவையும் ஒரு பிளம்பரையும் வைத்துப் பாடம் படித்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். 99 சதவீதத்துக்கு மேல் தூய்மையான, சுத்திகரித்த உப்பாக வாங்குங்கள். சமையல் உப்பு வேண்டாம்; அதிலுள்ள அயோடினும், கட்டி பிடிக்காமலிருக்கச் சேர்ப்பதும் குளத்துக்குத் தேவையில்லை. உப்பு போடும் முன் தண்ணீரைச் சோதியுங்கள். எங்கள் போர் தண்ணீரே கடினம். தகட்டுப் படிவில் அதற்கும் பங்குண்டு. குளத்தின் கொள்ளளவுக்கு மேல் திறனுள்ள கருவியை வாங்கினால், மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும்போதும் திணறாது. தண்ணீரின் பி.எச். ஏறிக்கொண்டே போகும், வாரம் ஒருமுறை பார்த்து அமிலம் சேர்க்க வேண்டும். ஏணிக்கு 316 தர ஸ்டீல் நல்லது. கரையில் கோட்டா கல் போட்டிருந்தால் அடிக்கடி நல்ல தண்ணீரால் கழுவுங்கள். சுண்ணாம்புக் கல், உப்பு அரித்துவிடும்.

எங்களைப் போன்றவர்களுக்கு முக்கியமானது: தகடுகள் சில வருடங்களில் தேய்ந்துவிடும். மாற்றுத் தகட்டின் விலையை இப்போதே வருடா வருடம் தேய்மானமாக ஒதுக்கி வையுங்கள்.

கூட்டத்தில் தப்பு என்னுடையது என்று ஒப்புக்கொண்டேன். பாதித் தண்ணீரை வெளியேற்றி, தகடுகளை நீர்த்த அமிலத்தில் கழுவி, நல்ல உப்பு போட்டோம். புது உப்புக்கு என் கையிலிருந்து கொடுத்தேன்.

டிசம்பரில் அப்பா வந்தார். நேராகக் குளக்கரைக்குப் போய், ஒரு விரலைத் தண்ணீரில் நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"என்னலே இது, ரசத்துக்குக்கூடக் காணாதே!"

அன்று சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து, உப்பு எப்படி விளைகிறது என்று முதல் தடவையாக அவரிடம் கேட்டேன். சாப்பிடக் கூப்பிடும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார்.