மணல் கணக்கு

அடியேன் பி.காம். டெபிட், கிரெடிட் தவிர வேறு ஞானம் கிடையாது. அப்படிப்பட்டவனை ஜெய்சல்மேர் பக்கம், எண்ணெய் தேடும் நில அதிர்வு சர்வே கேம்ப்பில் கணக்கு எழுத அனுப்பினார்கள். கூடாரம், ஒட்டகம், ரொட்டி. இட்லி கனவில் மட்டும்.

வைப்ரேட்டர் லாரி தரையை உலுக்கும். அந்த அதிர்வு பூமிக்குள் போய்ப் பாறையில் மோதித் திரும்பும். வந்து சேரும் நேரத்தை வைத்து ஆழம் கணிப்பார்கள். எனக்குப் புரிந்தது அவ்வளவுதான்.

ஒருநாள் 'அப்ஹோல்' என்று ஒரு பில் வந்தது. மணலில் துளை போட்ட கூலி, தண்ணீர் டேங்கர் வாடகை உட்பட. இன்னும் இரண்டு துளைக்கு அட்வான்ஸ் வேறு! 'எண்ணெய் தேடுவது கிலோமீட்டர் கணக்கில் கீழே. அறுபது மீட்டர் துளை எதற்கு?' என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பி அனுப்பினேன். என்ன வீரம்!

சாயங்காலம் ஜியோபிசிஸ்ட் சார் என் கூடாரத்துக்கே வந்துவிட்டார். கும்பகோணத்துக்காரர். கோபப்படவில்லை. என் லெட்ஜர் ஓரத்திலேயே படம் போட்டார்.

"தம்பி, தளர்ந்த மணல்ல அலை செகண்டுக்கு 500 மீட்டர்தான் போகும். கெட்டித் தரையில 2,000. 20 மீட்டர் மணலைத் தாண்ட 40 மில்லி செகண்ட். அதுவே கெட்டித் தரைன்னா 10. போக 30, வர 30, ஆக 60 அதிகம். இதைக் கழிக்காம விட்டா, செகண்டுக்கு 3,000 மீட்டர் போற பாறையில 90 மீட்டர் தப்பு வரும். மணல் இருக்கிற இடம் பள்ளம், இல்லாத இடம் மேடு. மேடுன்னா எண்ணெய் தேங்கியிருக்கும்னு கிணறு தோண்டிடுவாங்க. கோடிக்கணக்குல பணம் காலி!"

அட, நம்ம அட்ஜஸ்ட்மென்ட் என்ட்ரி! அவர்கள் பாஷையில் 'ஸ்டாட்டிக் கரெக்‌ஷன்'. பில் பாஸ்.

அவர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. எங்கள் ஏரியாவில் ஏற்கெனவே ஒரு அழகான மேடு தெரிந்திருந்தது. அது நிஜமென்றால் அடுத்த சீசனும் வேலை. கேம்ப்பே அதைத்தான் நம்பியிருந்தது. சமையல்காரர் ஊரில் வீடு கட்ட அஸ்திவாரமே போட்டுவிட்டார்.

புதுத் துளைகளில் ஆழத்துக்கு ஆழம் நேரத்தை அளந்து, மணலுக்கான தாமதத்தைக் கழித்து, மறுபடி கம்ப்யூட்டரில் ஓட்டினார்கள். மேடு சப்பாத்தியாகிவிட்டது.

"உங்களுக்கு முன்னாடியே சந்தேகமா சார்?"

"ம்."

"உங்க வேலையும்தானே போகுது?"

"ஆமா. பொண்ணு பிளஸ் டூ படிக்கிறா" என்றபடி ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த மாதம் கூடாரங்களைப் பிரித்தார்கள். நான் எழுதிய கடைசி வவுச்சர், அந்தத் தண்ணீர் டேங்கர் பாக்கி.