திருச்சிராப்பள்ளியும் பலாலியும்

திருச்சிராப்பள்ளி விமான நிலையத்திற்கும் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திற்கும் இடையே தேசப்படத்தில் நேர்கோடு ஒன்று இழுத்தால், அதன் நீளம் ஏறக்குறைய 115 மைல். கிலோமீட்டர்க் கணக்கில் 185. அக்கோடு பட்டுக்கோட்டைச் சீமையைக் கடந்து பாக்கு நீரிணையில் இறங்கும். ஏறத்தாழப் பாதி கடல். யான் சென்ற ஏ.டி.ஆர். விமானம் விசிறிகள் பூட்டியது. மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்திற் பறக்க வல்லது. அங்ஙனமாயின் பிரயாணம் 22 நிமிஷத்தில் முடியவேண்டுமன்றோ? சீட்டிலோ ஏறக்குறைய ஒரு மணி நேரம் என்று குறித்திருந்தது.

காரணம் எளிதே. விமானம் நின்ற இடத்தை விட்டு நகருங்கால் தொடங்கும் இக்கணக்கு, மறுநிலையத்தில் வந்து நிற்கும்போதுதான் முடிகின்றது. ஓடுபாதைவரை ஊர்ந்து செல்லுதல், மேலேறும்போது வேகங் குன்றுதல், காற்றை எதிர்கொண்டு இறங்கும்பொருட்டு வளைந்து வருதல் யாவும் அதில் அடங்கும். நெடும் பிரயாணத்தில் இவை சிறுபகுதி. குறும் பிரயாணத்தில் இவையே பெரும்பகுதி. (2006 ஏப்ரல் முதல் இரு நாட்டிற்கும் கடிகாரம் ஒன்றே, ஆதலின் கழித்தற் கணக்கில் மயக்கமில்லை.) சோதனைக்காக வரிசையில் நிற்கும் நேரத்தை மட்டும் ஒருவரும் சீட்டில் அச்சிடுவதில்லை!

ஆயினும், எங்கள் குடும்பத்தாருக்கு இத்தூரம் நெடுநாள் 185 கிலோமீட்டராக இருந்ததில்லை. எந்தையார் சுன்னாகத்திற் பிறந்து, 1980களில் திருச்சிராப்பள்ளி வந்து, இங்கேயே தங்கியவர். 2018ஆம் ஆண்டில் அவர்தம் தமக்கையார் காலமானாரென்று செய்தி வந்தது. அப்போது இந்தியாவினின்று பலாலிக்கு விமானமில்லை. கொழும்பு வரை 400 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாகப் பறந்து, பின் வடக்கே திரும்பி, ஏறத்தாழ அவ்வளவு தூரமே பேருந்தில் ஓரிரவு சென்றார். அவர் போய்ச் சேர்ந்தபோது முற்றத்துப் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்களாம்.

இவ்வான்வழி புதியதுமன்று. 1947 டிசம்பர் 10இல் ஏர் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையினின்று புறப்பட்டு, காங்கேசன்துறை வழியாகவே சென்னையை அடைந்தது. பின்னர்ப் போர் வந்தது, வழி அடைபட்டது. 2019 அக்டோபரில் பலாலி சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்டு, நவம்பரிற் சென்னை விமானம் ஓடலாயிற்று. பெருந்தொற்றினால் 2020 மார்ச்சில் நின்று, 2022 டிசம்பரில் மீண்டது. திருச்சிராப்பள்ளி விமானம் 2025 மார்ச் 30இல் தொடங்கிற்று.

அவ்வாண்டிலேயே எந்தையாருடன் யானும் சென்றேன். கடலின்மேற் சென்ற நேரமெல்லாம் அவர் ஒன்றும் பேசவில்லை. பலாலியினின்று சுன்னாகம் 10 கிலோமீட்டருக்குட்பட்டதே. அத்தையாரின் மகள் படலையிலே நின்று, “மாமா, எப்ப வெளிக்கிட்டனீங்கள்?” என்று வினவினார்.

“காலமைதான்” என்றார் எந்தையார்.

“இண்டைக்கோ?”